சீனி சேர்க்காத மென்பானங்கள் குடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலை நகரிலுள்ள ஒரு மருந்தகத்தில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். கச்சான் காற்று வீசத் தொடங்கி நாக்கு வறளும் மாதங்களில், மருந்துத் துண்டை நீட்டுபவர்களில் பலர் மறு கையில் ஒரு குளிர்ந்த ரின்னையும் வைத்திருப்பார்கள். “தம்பி, இதில் சீனி இல்லைத்தானே? எனக்குப் பிரச்சினை இல்லைத்தானே?” என்ற கேள்வியை நான் கேட்காத கிழமை இல்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இரண்டு வசனங்களுக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. அந்த இரண்டு வசனங்கள் போதாது என்பதனால், வழமையாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்து, சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

எந்தப் பானத்தில் செயற்கை இனிப்பூட்டி இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

“டயட்”, “சீரோ”, “சீனி சேர்க்கப்படாதது” என்று முன்பக்கத்தில் எழுதியிருந்தால் அனைவருக்கும் விளங்கிவிடும். அப்படி எதுவும் எழுதாத போத்தல்களிலும் இனிப்பூட்டி இருக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாத செய்தி. இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானங்களுக்கு நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பச்சை. 2017 நவம்பரில் மென்பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது; அது பின்னர் தளர்த்தப்பட்டது. இத்தகைய விதிகள் வரும்போது ஓர் உற்பத்தியாளர் சீனியைக் குறைத்து, குறைந்த இனிப்பை வேறு பொருளால் ஈடுசெய்வது இயல்பான காரியம்.

ஆகவே போத்தலைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பெயர் எழுதப்படாமல் எண் மட்டும் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். 950 என்பது அசெசல்பேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 952 சைக்லமேட், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ். 960இல் தொடங்குவது ஸ்டீவியா இலையிலிருந்து எடுக்கப்படும் இனிப்பு. மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களுக்காக நானே பலமுறை இந்த எண்களை வாசித்துச் சொல்லியிருக்கிறேன்.

பச்சை நிறக் குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பச்சை, சீனியின் அளவை மட்டுமே சொல்கிறது. அமிலம், கபீன், இனிப்பூட்டி ஆகியவை பற்றி அது எதையும் சொல்வதில்லை. ஆனால் பச்சையைக் கண்டதும் “உடம்புக்கு நல்லது” என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது.

சீனியே இல்லாமல் எப்படி இவ்வளவு இனிக்கிறது?

நாக்கில் உள்ள இனிப்பு உணர்விகளோடு சீனியைவிடப் பல மடங்கு வலுவாகப் பொருந்தும் பொருட்கள் இவை. அஸ்பார்டேம் சீனியைப் போல ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிக்கும். அதனால் சீனி 35 கிராம் தேவைப்படும் ஒரு ரின்னுக்கு அஸ்பார்டேம் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்களவே போதும். இவற்றில் மூத்தது சக்கரின். 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கொன்ஸ்தாந்தின் பால்பேர்க் என்பவர் அதைக் கண்டறிந்தார். அஸ்பார்டேம் 1965இல் ஜேம்ஸ் ஷ்லாற்றர் என்னும் வேதியியலாளரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டு, 1983இல் அமெரிக்காவில் மென்பானங்களுக்கு அனுமதிக்கப்பட்டது.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. நான் குடிக்கலாமா?

சீனி கலந்த மென்பானத்தையும் சீனி சேர்க்காத மென்பானத்தையும் அருகருகே வைத்து, இரண்டில் ஒன்றைத்தான் குடிப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், சீனி சேர்க்காததை எடுங்கள் என்றுதான் சொல்வேன். வழமையான கோலா 330 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சீனி இருக்கும். அது ஏழு அல்லது எட்டுத் தேக்கரண்டிச் சீனியை ஒரே மூச்சில் விழுங்குவதற்குச் சமம். ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கப்படும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும்போது, ஒரு ரின்னே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இனிப்பூட்டிகளோ குருதியில் உள்ள குளுக்கோசை நேரடியாக உயர்த்துவதில்லை.

ஆனால் நான் நாள்தோறும் காண்கிற சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது. சீனி இல்லாத பானத்தைக் குடித்தவர், அதனால் தமக்கு ஒரு சலுகை கிடைத்துவிட்டது என்று எண்ணி, ஒரு கொத்து ரொட்டியையோ இரண்டு துண்டு கேக்கையோ கூடுதலாகச் சாப்பிடுகிறார். பானத்தில் மிச்சம் பிடித்தது கோப்பையில் போய்விடுகிறது. மூன்று மாதங்களுக்குப் பிறகு கிளினிக் கொப்பியில் எண் ஏறியிருக்கும்போது, “நான் சீனியே தொடுவதில்லை, பிறகு எப்படி?” என்று உண்மையாகவே வருந்திக் கேட்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மாவும் சோறும் குளுக்கோசாக மாறும் என்பதை யாரும் அவருக்கு இருத்தி வைத்துச் சொல்லவில்லை.

இன்னொன்று: இந்தப் பானம் மருந்து அன்று. இதைக் குடிப்பதால் ஏறியிருக்கும் சீனி இறங்காது. மாத்திரையையும் இதோடு விழுங்க வேண்டாம், தண்ணீரோடு விழுங்குங்கள்.

சீனி இறங்கி மயக்கம் வரும்போது இதைக் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால், இதை வாசியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மூதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் மருந்தகத்து வாங்கில் அமர்ந்திருந்தார். விடியற்காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, குருதிப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர், பரிசோதனை முடியப் பத்தரை மணியாகியும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் மருந்தை எண்ணிக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டையின் கழுத்துப் பகுதி வியர்வையில் நனைந்திருப்பதையும், கையிலிருந்த கிளினிக் கொப்பி நடுங்குவதையும் கண்டேன். கூட வந்த பேரன் கெட்டிக்காரன். சீனி இறங்கிவிட்டது என்பதை உடனே புரிந்துகொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு ரின் வாங்கிவந்து, அதை உடைத்து, தாத்தாவின் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தான். அது கறுப்பு நிறத்தில் இருந்த சீனியில்லாத ரின். நீரிழிவு உள்ளவருக்கு அதுதான் நல்லது என்று அவன் நினைத்திருந்தான். முழு ரின்னைக் குடித்தாலும் அவருடைய உடலுக்குத் தேவைப்பட்ட ஒரு கிராம் குளுக்கோசு கூட அதிலிருந்து கிடைத்திருக்காது. நான்கு தேக்கரண்டி குளுக்கோசு மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் நடுக்கம் தணிந்து, அவர் எங்களைப் பெயர் சொல்லி விசாரிக்கத் தொடங்கினார். பிறகு ஒரு பணிசும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அவர்கள் வெளியே போகும்போது பையில் குளுக்கோசு மாவோ சீனிப் பொட்டலமோ இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் 15 கிராம் குளுக்கோசு அல்லது சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, குறையவில்லையென்றால் மீண்டும் அதே அளவு கொடுக்க வேண்டும். ஆள் நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டு 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

இதைக் குடித்தால் உடம்பு மெலியுமா?

இதற்கு இரண்டு வகையான ஆய்வுகள் இரண்டு வகையாகப் பதில் சொல்கின்றன. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, 18 மாதங்கள் ஒரு குழுவுக்கு நாள்தோறும் 250 மில்லிலீற்றர் சீனிப் பானமும், மற்றக் குழுவுக்கு அதே அளவு சீனியில்லாப் பானமும் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி சீனியில்லாப் பானம் குடித்த பிள்ளைகளின் எடை மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு கிலோ குறைவாகவே கூடியிருந்தது. சீனிக்குப் பதிலாக இது வரும்போது பயன் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் 2023 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டல், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறுகிறது. நீண்ட காலப் போக்கில் உடற்கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே அதற்குக் காரணம். அந்த அறிவுரை நிபந்தனைக்குட்பட்டது என்று அவர்களே குறிப்பிட்டிருப்பதையும், ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று சொல்லியிருப்பதையும் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பலர் விட்டுவிட்டார்கள்.

என் அனுபவத்தில், நாளுக்கு இரண்டு போத்தல் சீனிப் பானம் குடித்தவர் இதற்கு மாறினால் எடையில் வேறுபாடு தெரிகிறது. முன்பு தண்ணீர் குடித்தவர் மெலிவதற்காக இதைத் தொடங்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

இது புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்களே?

2023 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பார்டேமை “2பி” என்ற பிரிவில் சேர்த்தது. “மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்” என்பது அந்தப் பிரிவின் பொருள். ஆசிய முறையில் ஊறுகாயாகப் போடப்படும் மரக்கறிகளும் கற்றாழை இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. ஒரு பொருளால் ஆபத்து வர வழியுண்டா என்பதை மட்டுமே இந்தப் பிரிவுகள் பார்க்கின்றன. எவ்வளவு உட்கொண்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அவை அளப்பதில்லை.

அந்த அளவைக் கணிப்பது வேறொரு குழுவின் வேலை. உணவுச் சேர்மானங்களுக்கான சர்வதேச நிபுணர் குழு, அதே நாளில், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. ஒரு ரின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த எல்லையைத் தொடுவதற்கு நாளுக்கு 8 முதல் 12 ரின்கள் குடிக்க வேண்டும். இதைச் சொன்னதும் பெரியவர்கள் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் அதே கணக்கை 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று, நான்கு ரின்களிலேயே எல்லை வந்துவிடும். பிறந்தநாள் விழாவில் பெரிய போத்தலை மேசையில் வைத்துவிட்டு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

1970களில் சக்கரின் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று கண்டறிந்து, அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டார்கள். எலியின் சிறுநீரில் நடப்பது மனித உடலில் அவ்வாறு நடப்பதில்லை என்று தெரிந்த பின் 2000ஆம் ஆண்டில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. அந்தப் பழைய பயமே இன்றும் வாட்சப் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பக்கவாதம், மாரடைப்பு வருமா?

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 80,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் இத்தகைய பானம் குடித்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 23 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. அதேவேளை, அந்தப் பானமே காரணம் என்றும் இந்த ஆய்விலிருந்து முடிவு கட்ட முடியாது. ஏற்கனவே எடை கூடியவர்களும், நீரிழிவின் வாசலில் நிற்பவர்களும்தான் சீனியில்லாப் பானத்துக்கு மாறுகிறார்கள். அவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு முன்னரே கூடுதலாக இருக்கிறது. வைத்தியசாலையில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்து, வைத்தியசாலைதான் நோய் தருகிறது என்று சொல்வதைப் போல ஆகிவிடக் கூடாது. நாளுக்கு இரண்டு என்ற பழக்கத்தை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எப்போதாவது ஒரு நாள் குடித்தவர் தூக்கம் கெடத் தேவையில்லை.

குடலுக்கு ஏதும் கெடுதல் உண்டா?

இஸ்ரேலில் 120 ஆரோக்கியமான ஆட்களிடம் செய்யப்பட்டு 2022இல் வெளியான சோதனையில், இரண்டு வாரங்கள் சக்கரினோ சுக்ரலோஸோ எடுத்தவர்களின் குடல் நுண்ணுயிர்கள் மாறியதும், குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்ததும் தெரியவந்தது. மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அஸ்பார்டேமும் ஸ்டீவியாவும் அந்தத் திறனை அவ்வாறு பாதிக்கவில்லை. ஆகவே “இனிப்பூட்டி” என்று எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் பேசுவது தவறு.

சீனி இல்லையென்றால் பல்லுக்குப் பாதுகாப்புத்தானே?

சொத்தைப் பல்லைப் பொறுத்தவரை ஓரளவு பாதுகாப்புத்தான். வாயிலுள்ள கிருமிகளுக்கு இதில் உணவில்லை. ஆனால் பல்லின் மேற்பூச்சை அரிப்பது சீனி மட்டுமில்லை, பானத்திலுள்ள அமிலமும்தான். அமிலத்தன்மையைப் பி.எச். என்ற அளவால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயின் பி.எச். 5.5க்குக் கீழே போகும்போது பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. கோலா வகைகள், சீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 3ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஒரு போத்தலை முச்சக்கரவண்டியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை மிடறு மிடறாகக் குடிக்கும் தம்பிமாருக்குத்தான் கேடு அதிகம். குடித்தால் ஒரேயடியாகக் குடித்துவிட்டுத் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். அமிலத்தால் இளகிய எனாமல் தூரிகையோடு போய்விடும். அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

சிறுநீரக நோயாளர்கள் குடிக்கலாமா?

கோலா வகைகளைத் தவிர்ப்பதே நல்லது. அவற்றில் 338 என்ற எண்ணில் வரும் பொஸ்போரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களின் உடலில் பொஸ்பேற்று தேங்கி, எலும்பையும் குருதிக்குழாய்களையும் கெடுக்கும். அமெரிக்கத் தாதியரிடம் நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வொன்றில், நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் டயட் சோடா குடித்த பெண்களிடம் சிறுநீரகத் திறன் வெகுவாகக் குறையும் வாய்ப்பு இரு மடங்காகக் காணப்பட்டது. எங்கள் மாவட்டத்தில் பதவி சிறிபுர பக்கத்திலிருந்து சிறுநீரக நோயோடு வருபவர்களைப் பார்க்கிறேன். அந்த நோய்க்கு இந்தப் பானங்கள் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கனவே நோயுற்ற சிறுநீரகத்துக்கு மேலும் சுமை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும்?

கர்ப்பிணிகள் எப்போதாவது ஒன்று குடித்தால் பதற வேண்டியதில்லை. சக்கரின் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். கோலாவில் கபீனும் உண்டு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடும் இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு மாம்பழம்கூடச் சப்பென்று தோன்றும்.

பிறவியிலேயே பீனைல்கீட்டோனூரியா என்ற அரிய குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றாகத் தவிர்க்க வேண்டும். அஸ்பார்டேம் உடலில் பிரியும்போது பீனைலலனின் என்ற அமினோ அமிலம் வெளிவருகிறது, அதை அவர்களின் உடலால் சமாளிக்க முடியாது.

அப்படியானால் இந்த வெயிலுக்கு எதைக் குடிப்பது?

தண்ணீர். அதற்கு மேல் சுவை வேண்டுமென்றால், கிண்ணியாத் தயிரைக் கடைந்து உப்பும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர், தேசிக்காய் பிழிந்து உப்பிட்ட தண்ணீர், சீனியில்லாத இஞ்சிப் பிளேன்ரீ ஆகியவை இருக்கின்றன. கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப்பந்தல் போடுபவர்களும், நோன்பு திறக்கப் பானம் தயாரிப்பவர்களும் ஒரு குடம் மோரையும் சேர்த்து வைத்தால் நீரிழிவுக்காரர் ஒதுங்கி நிற்க வேண்டியிராது. செவ்விளநீர் நல்லதுதான், எனினும் அதில் சீனியும் பொட்டாசியமும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு குடிக்க வேண்டும், சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

இனிப்பை விட முடியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி மெதுவானது. தேநீரில் போடும் சீனியைக் கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள். நம் பாட்டிமார் பனங்கட்டியில் ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு கோப்பை வெறுந்தேநீரைக் குடித்து முடிப்பார்கள். ஒரு துண்டோடு நிறுத்தும் கட்டுப்பாடு இருந்தால் அது இன்றும் நல்ல முறைதான். சீனியில்லா மென்பானத்தை, சீனிப் பானத்திலிருந்து தண்ணீருக்கு வரும் வழியில் சில மாதங்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியாக வைத்துக்கொள்ளலாம்.

வெயிலில் அடுக்கி வைத்த போத்தலை வாங்கலாமா?

நிலாவெளி, உப்புவெளி வீதிகளில் கடை வாசலில் போத்தல்கள் நாள் முழுவதும் வெயிலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்பார்டேம் வெப்பத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து இனிப்பை இழக்கும். அதனால்தான் அதைச் சமையலிலும் பயன்படுத்துவதில்லை. அப்படி நின்ற போத்தலைப் பின்னர் குளிரூட்டி விற்றாலும் இழந்தது திரும்பாது. நிழலில் வைத்ததைத் தேர்ந்து, காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு சப்பென்று இருந்தால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.